கேமரா கேபிளைக் கழற்றி லேப்டாப்பில் செருகினால்? 802.1எக்ஸ் வழிகளில் எது யாருக்கு

வெளிக்கேட்டுத் தூணில், ஆள் எட்டும் உயரத்தில் ஒரு கேமரா. அதற்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பெட்டி, நான்கு ஸ்க்ரூ. பெட்டிக்குள் கேபிள் முனை. அந்த முனையைக் கழற்றி லேப்டாப்பில் செருகியதும் ஐபி முகவரி தானாக வந்தது. கணக்குப் பிரிவின் பிரிண்டர் முதல் ஃபைல் சர்வர் வரை எல்லாம் வரிசையாகத் திரையில் வந்து நின்றன. செருகியது திருடன் இல்லை, நான்தான். கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் நெட்வொர்க்கைப் பார்த்துச் சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். மேலாளர் என் தோள் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "திருட்டைப் பிடிக்கத்தானே சார் கேமரா வச்சோம்" என்றார்.

அங்கே மொத்தம் 72 கேமராக்கள். 41 ஓரளவு புதியவை. 22 பழையவை, அவற்றின் மெனுவில் 802.1எக்ஸ் (வலையில் செருகுவது யாரென்று கேட்டுச் சரிபார்க்கும் முறை) என்று ஒரு பக்கம் இருக்கிறது, ஆனால் அரைகுறை. மீதி 9-இல் அந்தப் பக்கமே கிடையாது. வெளியாள் கைக்கு எட்டுபவை 11. பெரும்பாலான கேமராக்கள் மேனேஜ்டு (நாம் அமைப்புகளை மாற்ற முடிகிற) ஸ்விட்சில்தான் இருக்கின்றன; கடைசி மூலைகளில் மட்டும் இரண்டு மலிவு ஸ்விட்சுகள். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் எந்த வழி என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது.

802.1எக்ஸ் என்பது ஐஇஇஇ அமைப்பு 2001-இல் வெளியிட்டு, பிறகு 2004, 2010, 2020 என்று திருத்திய தரநிலை. இதில் மூன்று பேர். கேமரா தன்னை யாரென்று சொல்கிறது. ஸ்விட்ச் வாசலில் நிற்கிறது. ரேடியஸ் சர்வர் பதிவேட்டைப் பார்த்து "விடு" அல்லது "விடாதே" என்கிறது. ஸ்விட்ச் தானாக எதையும் முடிவு செய்வதில்லை. கேமரா சொன்னதை யுடிபி 1812 போர்ட் வழியாக சர்வரிடம் கொண்டுபோய்க் கொடுப்பதோடு சரி. "விடு" வரும்வரை அந்த ஸ்விட்ச் போர்ட்டில் அங்கீகாரப் பேச்சு தவிர வேறு எதுவும் நகராது. ஆனால் அதே கேபிளில் வரும் பிஓஇ மின்சாரம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். கேமராவில் விளக்கு எரியும், படம் வராது. இதை எலக்ட்ரீஷியனிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கவில்லை என்றால் அவர் கேமராவையே மாற்றிவிடுவார்.

802.1எக்ஸ் வேண்டுமா என்பதே முதல் கேள்வி

பின்புறத்தில் எட்டோ பதினாறோ பிஓஇ போர்ட் உள்ள என்விஆர் (கேமராப் படங்களைப் பதியும் பெட்டி) வாங்கி, கேமராக்களை நேராக அதில் செருகியிருக்கும் சின்னக் கடை, வீடு என்றால் இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்கு வேண்டாம். அந்த போர்ட்டுகள் பெரும்பாலும் தனி வலையில்தான் இருக்கும். கேபிளைக் கழற்றிச் செருகுபவர் மற்ற கேமராக்களையும் என்விஆரையும் பார்க்கலாம், உங்கள் பில்லிங் கம்ப்யூட்டரைப் பார்க்க முடியாது. என்விஆருக்கு நல்ல பாஸ்வேர்டு, புது ஃபர்ம்வேர், போதும்.

ஆலை மாதிரி இடத்தில் கேமராக்கள் நான்கு கட்டடங்களில் சிதறி, அலுவலக ஸ்விட்சையே பகிர்ந்துகொள்கின்றன. இங்கே முதல் வேலை, கேமராக்களைத் தனி விலேனுக்கு (ஸ்விட்சுக்குள்ளேயே பிரித்த தனி வலை) மாற்றி அதன் வாசலில் ஒரு ஏசிஎல் (எதை விடலாம், எதை அடைக்கலாம் என்ற பட்டியல்) போடுவது. கேமராவுக்கு உண்மையில் என்ன தேவை? என்விஆர் அதனிடம் வந்து 554 போர்ட்டில் படம் கேட்கும், 443-இல் அமைப்புகளை மாற்றும். கேமரா தானாகக் கிளம்பிப் போவது நேரம் கேட்க மட்டும்தான், 123-க்கு. இதைத் தவிர எல்லாவற்றையும் அடைத்துவிடலாம். ஒரு கேமராவுக்கு இன்னொரு கேமராவிடம் பேச வேண்டிய அவசியமே இல்லை, அதையும் அடைக்கலாம். இணையமும் வேண்டாம். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைப் பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்துச் சேர்த்தது. அவை இணையத்தில் நேராகத் தெரிந்ததால்தான் அது நடந்தது.

இதற்குப் பிறகும் மிஞ்சுவது ஒன்று உண்டு. கேபிளைப் பிடுங்கியவர் கேமராவாகவே நடிக்கலாம். என்விஆர் வழக்கம்போல அதன் கதவைத் தட்டி யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுக்கும். பழைய அமைப்பில் அது பேசிக் முறையில் போனால் பாஸ்வேர்டு பச்சையாகக் கையில் கிடைத்துவிடும். டைஜஸ்ட் முறை என்றால் வீட்டுக்குக் கொண்டுபோய் உட்கார்ந்து உடைக்க ஒரு துண்டு கிடைக்கும். 72 கேமராவுக்கும் ஒரே பாஸ்வேர்டு என்பதுதான் நம் ஊர் நடைமுறை என்பதால், ஒரு தூண் போனால் 72-ம் போன மாதிரி. விலேனும் ஏசிஎல்லும் இதைத் தடுக்காது. போர்ட்டில் யார் வந்து நிற்கிறார் என்று கேட்கும் வேலை இங்கேதான் தொடங்குகிறது.

எம்ஏபி: சுலபம், ஆனால் சாவி கதவிலேயே தொங்குகிறது

கேமரா எதுவும் பேச வேண்டாம். அதன் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள வன்பொருள் எண்) ஸ்விட்சே சர்வரிடம் கேட்கும், பட்டியலில் இருந்தால் உள்ளே விடும். இதுதான் எம்ஏபி. 802.1எக்ஸ் பக்கமே இல்லாத அந்த 9 கேமராக்களுக்கும் இது பொருந்தும். கேமராவில் கை வைக்கத் தேவையில்லை, காலாவதி என்று எதுவும் இல்லை, ஒரு கேமரா செத்தால் புதிதின் மேக் முகவரியைப் பட்டியலில் சேர்த்தால் முடிந்தது.

குறை எல்லோருக்கும் தெரிந்ததே. மேக் முகவரி கேமராவின் அடியில் ஸ்டிக்கரில் அச்சிடப்பட்டிருக்கிறது. லேப்டாப்பில் அதை அப்படியே போட்டுக்கொள்ள ஒரு கட்டளை போதும். அதனால் எம்ஏபியைப் பூட்டு என்று சொல்ல மாட்டேன், வருகைப் பதிவேடு என்பேன். தெரியாமல் தவறாகச் செருகுபவரைப் பிடிக்கும். தெரிந்தே வருபவரைப் பிடிக்காது.

அதிகம் பேசப்படாத குறைகள் இரண்டு. ஒன்று, 2024-இல் வெளிவந்த பிளாஸ்ட்-ரேடியஸ் ஓட்டை. ஸ்விட்சுக்கும் சர்வருக்கும் நடுவில் உட்கார முடிந்தவர் எம்டி5 என்ற பழைய ஹேஷ் முறையின் பலவீனத்தைப் பயன்படுத்தி "விடாதே" என்ற பதிலை "விடு" என்று மாற்றிவிடலாம். ஈஏபி வழிகள் (கேமராவே பேசித் தன்னை நிரூபிக்கும், கீழே வரும் வழிகள்) இதில் மாட்டுவதில்லை, ஏனென்றால் அவற்றில் ஒவ்வொரு செய்திக்கும் தனி முத்திரை கட்டாயம். எம்ஏபியில் அது கட்டாயமாக இருக்கவில்லை. ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, முத்திரை இல்லாத செய்தியை ஏற்காதே என்று ஸ்விட்ச், சர்வர் இரண்டிலும் சொல்லி வைக்க வேண்டும். இரண்டு, மைக்ரோசாஃப்டின் ரேடியஸ் சர்வரான என்பிஎஸ்ஸைப் பயன்படுத்துபவர்கள் படும் பாடு. ஒவ்வொரு மேக் முகவரிக்கும் டொமைனில் (நிறுவனத்தின் பொதுப் பயனர் பதிவேடு) ஒரு யூசர் உருவாக்கி, பாஸ்வேர்டாகவும் அதே முகவரியை வைக்க வேண்டும். அதற்காகப் பாஸ்வேர்டு விதியைத் தளர்த்துகிறார்கள். கேமராவைப் பூட்டப் போய், ஸ்டிக்கரில் பாஸ்வேர்டு எழுதிய 72 யூசர்களை டொமைனுக்குள் விட்டதுதான் மிச்சம்.

நேரமும் ஒரு விஷயம். சிஸ்கோ ஸ்விட்சில் இயல்பு அமைப்பில் முதலில் 802.1எக்ஸுக்காக 30 விநாடி வீதம் மூன்று முறை காத்திருந்து, 90 விநாடி கழித்துத்தான் எம்ஏபிக்கு வரும். கரண்ட் போய் வந்த பிறகு ஒன்றரை நிமிடம் படம் இல்லை என்று கன்ட்ரோல் ரூமிலிருந்து போன் வரும். அந்த 30-ஐ 7 அல்லது 10 ஆகக் குறைத்துவிடலாம்.

ஈஏபி-எம்டி5: கடந்து போங்கள்

பழைய கேமராக்களின் மெனுவில் இது மட்டும்தான் இருக்கும். பாஸ்வேர்டை எம்டி5-இல் அரைத்து அனுப்பும், சர்வர் உண்மையான சர்வர்தானா என்று கேமரா கேட்காது. நடுவில் ஒட்டுக்கேட்பவருக்கு உடைக்க ஒரு துண்டு கிடைக்கும். விண்டோஸ் சர்வரிலிருந்து இதை 2008 பதிப்பிலேயே எடுத்துவிட்டார்கள். எம்ஏபியைவிட ஒரு படி மேல் என்று வாதிடலாம். அந்த ஒரு படிக்காக 22 கேமராவில் ஏறி இறங்க எனக்கு மனமில்லை.

பீப்: நடுவழி மாதிரி தெரியும்

பீப் வழியில் முதலில் ஒரு டிஎல்எஸ் சுரங்கம் (வெளியார் படிக்க முடியாத பாதை) அமையும். அதற்குள் எம்எஸ்சாப்-வி2 முறையில் யூசர்நேமும் பாஸ்வேர்டும் சரிபார்க்கப்படும். கேமராவுக்குச் சான்றிதழ் வேண்டாம், காலாவதித் தலைவலி இல்லை, மெனுவில் இரண்டு பெட்டிகளை நிரப்பினால் படம் வந்துவிடும். பலர் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் நிறுத்தியவன்தான்.

சிக்கல் அந்த மெனுவில் காலியாக விடப்பட்ட மூன்றாவது பெட்டியில் இருக்கிறது. சிஏ (சான்றிதழ் வழங்குபவர்) சான்றிதழ் என்று போட்டிருக்கும், சர்வர் உண்மையானதா என்று கேமரா பார்ப்பது இதை வைத்துத்தான். அதைக் காலியாக விட்டாலும் கேமரா வேலை செய்யும். வேலை செய்கிறதே என்று நாமும் விட்டுவிடுவோம். அப்படி விட்டால் கேமரா எந்தச் சர்வரையும் நம்பும். கேபிளைப் பிடுங்கி கேமராப் பக்கத்து முனையைத் தன் லேப்டாப்பில் ஓடும் போலி ரேடியஸில் மாட்டியவரிடம் அது தானே போய்த் தன் அடையாளத்தை ஒப்புவிக்கும். பாஸ்வேர்டு 30 எழுத்து நீளம் என்றால் தப்பிக்கலாமா என்றால், முடியாது. எம்எஸ்சாப்-வி2 உள்ளுக்குள் நம்பியிருப்பது டிஇஎஸ் என்ற பழைய குறியாக்க முறை. எவ்வளவு நீளப் பாஸ்வேர்டாக இருந்தாலும் உடைக்கும் வேலை ஒரே ஒரு 56 பிட் சாவியைத் தேடுவதற்குச் சமம் என்று 2012 டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டில் செய்தே காட்டிவிட்டார்கள்.

எனவே பீப்பை ஒழுங்காகச் செய்வதென்றால் ஒவ்வொரு கேமராவிலும் சிஏ சான்றிதழை ஏற்றியே ஆக வேண்டும். ஏற்ற உட்கார்ந்த கையோடு கேமராவின் சொந்தச் சான்றிதழையும் ஏற்ற இன்னும் மூன்று நிமிடம் ஆகுமா? அந்த மூன்று நிமிடம்தான் பீப்புக்கும் ஈஏபி-டிஎல்எஸ்ஸுக்கும் உள்ள தூரம். இந்த ஆலைக்கு நான் பீப்பை வேண்டாம் என்று சொன்னதற்கு இதுவே காரணம். முந்நூறு கேமரா வைத்து, கேமரா தயாரிப்பாளரின் மென்பொருளில் சிஏ சான்றிதழை மொத்தமாகத் தள்ள முடிந்து, தனித்தனிச் சான்றிதழ்களைக் கையாள ஆளில்லாத இடத்தில் பீப் நியாயமான தேர்வுதான். ஒரு கேமராவுக்கு ஒரு பாஸ்வேர்டு என்று வைத்தால்.

ஈஏபி-டிஎல்எஸ்: பூட்டு நல்லது, கடிகாரத்தைப் பாருங்கள்

இரண்டு பக்கமும் சான்றிதழ் காட்டும். திருட ஒரு பாஸ்வேர்டே இல்லை. சான்றிதழுக்கான ரகசியச் சாவியைக் கேமராவே உருவாக்கிக்கொண்டு, கோரிக்கையை மட்டும் வெளியே தருவது நல்லது. அந்தச் சாவி கேமராவை விட்டு வெளியே வருவதில்லை. ஆனால் பல மாடல்களில் வெளியே தயாரித்த கோப்பை ஏற்றத்தான் முடியும், அதுவும் பரவாயில்லை.

சான்றிதழை யார் தருவது? ஆலைக்கென்று ஒரு சின்ன சிஏ, ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளை வைத்து, வலையில் இணைக்காத ஒரு பழைய லேப்டாப்பில். இந்த சிஏ கேமராக்களைத் தவிர வேறு எதற்கும் இல்லை. அதனால் கேமராச் சான்றிதழுக்கு ஐந்து வருட ஆயுள் கொடுத்தேன். பாதுகாப்பு வகுப்பெடுப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் ஒரு கேமரா திருடு போனால் ரேடியஸ் பட்டியலில் அதன் பெயரை அடித்தால் போதும், சான்றிதழ் தானாகச் சாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வருடா வருடம் புதுப்பிக்கும் திட்டம் போட்டு, இரண்டாவது வருடம் ஆள் மாறி, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கேமராவும் ஒன்றாகக் கண் மூடுவதைவிட இது மேல். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் கேமராக்கள் இருக்கின்றன. உங்களுடையவை அப்படியென்றால் ஒரு வருடம் போதும்.

சிஏவின் ஆயுளில் ஒரு சின்னப் பொறி. இருபது வருடம் கொடுக்கத் தோன்றும். பழைய 32 பிட் கேமராவின் நாட்காட்டி 2038 ஜனவரி 19-ஐத் தாண்டத் தெரியாமல் போகலாம். அப்போது "இந்தச் சான்றிதழ் காலாவதியானது" என்று இன்றைக்கே சொல்லும். அந்தத் தேதிக்கு முன்னாலேயே முடித்துக்கொண்டேன். இன்னொன்று, ஃப்ரீரேடியஸ் என்ற ரேடியஸ் மென்பொருளை நிறுவினால் கூடவே வரும் மாதிரிச் சான்றிதழ்கள் சோதனைக்கு மட்டும்தான். அவற்றின் ஆயுள் 60 நாள். முதல் நாளே வேலை செய்கிறது என்று அப்படியே விட்டவர்களுக்கு 61-ஆம் நாள் தெரியும்.

கடிகாரம்தான் எனக்கு அதிகம் பாடம் புகட்டியது. வேறொரு இடத்தில் நடந்தது. ஒரு பராமரிப்பு நாளில் ஏழெட்டு மணி நேரம் கரண்ட் இல்லை, யுபிஎஸ்ஸும் தீர்ந்துவிட்டது. கரண்ட் வந்ததும் பாதிக் கேமராக்கள் வந்தன, பாதி வரவில்லை. வராதவற்றில் கடிகாரத்துக்கு பேட்டரி இல்லை. எழுந்ததும் அவை தம்மைத் தொழிற்சாலைத் தேதியில் இருப்பதாக நினைத்துக்கொண்டன. சர்வரின் சான்றிதழைப் பார்த்தன. அது இன்னும் பிறக்கவே இல்லை. நிராகரித்தன. சரியான நேரம் கேட்கலாம் என்றால் போர்ட் திறந்தால்தான் கேட்க முடியும். போர்ட் திறக்க வேண்டுமென்றால் நேரம் சரியாக இருக்க வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்கிற கதை. அன்று இரவு அந்த போர்ட்டுகளில் அங்கீகாரத்தைக் கையால் எடுத்துவிட்டு, கேமராக்கள் நேரம் பிடித்த பிறகு மறுபடி போட்டேன். அதிலிருந்து எந்த மாடலையும் ஒரு வாரம் கரண்ட் இல்லாமல் அலமாரியில் போட்டு வைத்து, பிறகு செருகிப் பார்க்காமல் ஈஏபி-டிஎல்எஸ்ஸுக்கு ஒப்புக்கொள்வதில்லை. ஆலையின் 41 கேமராக்கள் மூன்று மாடல்கள்தான், மூன்றும் தேறின.

ரேடியஸ் சர்வரே விழுந்தால்? இரண்டு சர்வர் வையுங்கள். ஃப்ரீரேடியஸ் இலவசம், எந்தப் பழைய கம்ப்யூட்டரும் போதும். இரண்டும் விழுந்தால் கேமராவை அந்தத் தனி விலேனுக்குள் விட்டுவிடும்படி ஸ்விட்சில் அமைத்தேன். படம் பதிவாகாமல் போவதா, சிறிது நேரம் கதவு திறந்திருப்பதா என்ற கேள்விக்கு ஆலை நிர்வாகம் யோசிக்காமல் சொன்ன பதில் அது. பின்னால் ஏசிஎல் இருப்பதால் நானும் ஒப்புக்கொண்டேன்.

என்பிஎஸ் வைத்திருப்பவர்கள் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். டொமைனில் இல்லாத கேமராவின் சான்றிதழை அதில் ஒரு கணக்கோடு பொருத்த வேண்டும். அந்தப் பொருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2022 மே மாதத்திலிருந்து படிப்படியாக இறுக்கி, 2025-இல் கட்டாயமாக்கியது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்துச் செய்தால் ஓடாது.

ஆக்சிஸ் போன்ற சில தயாரிப்பாளர்களின் புது மாடல்கள் 802.1ஏஆர் தரநிலைப்படி தொழிற்சாலையிலேயே ஒரு சான்றிதழோடு வருகின்றன. பெட்டியிலிருந்து எடுத்துச் செருகியதும் தன் சீரியல் எண்ணைச் சொல்லும். அழகான ஏற்பாடு. ஆனால் அது நிரூபிப்பது இது அந்த நிறுவனத்தின் உண்மையான கேமரா என்பதைத்தான். உங்கள் கேமரா என்பதை அல்ல. சீரியல் எண் பட்டியலை நீங்கள் வைத்துச் சரிபார்க்காவிட்டால், அதே நிறுவனத்தின் எந்தக் கேமராவும் உள்ளே வரும்.

எல்லா வழியையும் கெடுக்கும் மலிவு ஸ்விட்ச்

மூலையில் இருந்த அந்த இரண்டு ஸ்விட்சுகளுக்கு வருகிறேன். அங்கீகாரப் பேச்சு போகும் முகவரி, தரநிலைப்படி எந்த ஸ்விட்சும் மறுபக்கம் கடத்தக்கூடாத ஒன்று. சில மலிவு ஸ்விட்சுகள் விதியை மதித்து அதை விழுங்கிவிடும். கேமரா எவ்வளவு கத்தினாலும் மேலே கேட்காது. சில, விதி தெரியாமல் கடத்திவிடும். எல்லாம் வேலை செய்வது போலத் தெரியும். இரண்டாவதுதான் மோசம். கேமராவைக் கழற்றினால் மலிவு ஸ்விட்சின் போர்ட்தான் அணையும். மேலே உள்ள மேனேஜ்டு ஸ்விட்சுக்குத் தெரியாது, அனுமதி அப்படியே இருக்கும். அதே மேக் முகவரியோடு லேப்டாப்பைச் செருகினால் சான்றிதழே இல்லாமல் உள்ளே போய்விடலாம். என் செலவுப் பட்டியலில் முதல் வரி இந்த இரண்டையும் மாற்றுவது. வாங்க வேண்டியிருந்ததும் அது மட்டும்தான்.

கேமராவைக் கழற்றாமல், கேமராவுக்கும் ஸ்விட்சுக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டியைச் செருகி, கேமராவைப் பேச விட்டு அதன் முதுகில் ஏறிப் போகும் வித்தையும் உண்டு. 2011 டெஃப்கானில் இதைக் காட்டினார்கள். ஈஏபி-டிஎல்எஸ்ஸும் இதை நிறுத்தாது, ஏனென்றால் கதவு திறந்த பிறகு போகும் ஒவ்வொரு பாக்கெட்டையும் யாரும் சோதிப்பதில்லை. அதற்கு ஒவ்வொரு பாக்கெட்டையும் சோதிக்கும் மேக்செக் வேண்டும்; கேமரா, ஸ்விட்ச் இரண்டிலும் இருக்க வேண்டும். நூற்பாலைக்கு அது அதிகம். வங்கி, மின் உற்பத்தி நிலையம் என்றால் புதிதாக வாங்கும்போதே கேளுங்கள்.

ஆலைக்குச் சொன்னது

கைக்கு எட்டும் 11 இடங்களுக்கும் ஈஏபி-டிஎல்எஸ். அந்த 11-இல் 3 பழைய கேமராக்கள். அவற்றை இறக்கி, கூரைக்குக் கீழே இருந்த புதிய மூன்றை அங்கே மாற்றினோம். மீதி 61-க்கும் எம்ஏபி. எல்லோருக்கும் அதே தனி விலேன், அதே ஏசிஎல். உள்ளே இருக்கும் 30 புதிய கேமராக்களுக்கும் சான்றிதழ் போட்டிருக்கலாமே என்று மேலாளர் கேட்டார். போடலாம். ஆனால் நான் போன பிறகு இதைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் ஒரே ஒரு ஐடி பையன். பிரிண்டர் பேப்பர் சிக்கினாலும் அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். 11 சான்றிதழை அவன் நினைவில் வைத்துக்கொள்வான், 41-ஐ வைத்துக்கொள்ள மாட்டான்.

எதையும் பூட்டுவதற்கு முன் இரண்டு வாரம் போர்ட்டுகளைத் திறந்தே வைத்து, யார் தேறுகிறார், யார் தேறவில்லை என்று பதிவு மட்டும் எடுத்தோம். பெரும்பாலான ஸ்விட்சுகளில் இதற்கு வசதி இருக்கிறது. இதைச் செய்யாமல் பூட்டாதீர்கள். பதிவில் 72 கேமராக்களோடு 73-ஆவதாக ஒரு மேக் முகவரி வந்தது. வாட்ச்மேன் அறையில் இருந்த டிவி பெட்டி. வெளிக்கேட்டுக் கேமராவுக்கு இழுத்ததில் மிஞ்சிய கேபிளில் மாட்டியிருந்தது. "கேமரா போட வந்த தம்பிதான் சார் லைன் குடுத்துட்டுப் போச்சு, ரெண்டு வருஷம் ஆச்சு" என்றார் வாட்ச்மேன். அவருக்கு அலுவலக வைஃபையில் விருந்தினர் பாஸ்வேர்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை காலை போர்ட்டுகளைப் பூட்டினோம்.